கப்பலால் பாதிக்கப்பட்ட இராசமலர்

காங்கேசன்துறைக்கு உல்லாசக் கப்பல் வந்து போவதால் யாழ்ப்பாணத்துக்கு என்ன கிடைக்கிறது என்று அளந்து பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு நிறுவனம் வந்தது. வரட்டும், அளக்கட்டும். மழையை அளக்கிறார்கள், வெயிலை அளக்கிறார்கள், கப்பலை மட்டும் ஏன் விடவேண்டும்? ஆனால் அவர்கள் அளக்கவென்று தேர்ந்தெடுத்த ஒழுங்கைகளில் ஒன்றில் இராசமலர் குடியிருந்தாள். அதைப் பற்றி அவர்களை ஒருவரும் எச்சரிக்கவில்லை.

மாவிட்டபுரத்திலிருந்து கீரிமலைக்குப் போகிற வழியில் வீதியோரமாக ஒரு சின்ன வைரவர் கோயில் இருக்கிறது. அதன் பக்கத்தால் இறங்குகிற ஒழுங்கையில் முதல் வளவு அவளுடையது. வயது அறுபதை எட்டிப் பிடிக்கப் போகிறது. குரல் மட்டும் இன்னும் முப்பதில் நிற்கிறது. புருசன் கேதீஸ்வரன் தோட்டக்காரர். அந்த மனிசன் வாழ்நாளில் பேசிய சொற்களில் பாதிக்கு மேல் ஆமோதிக்கிற ‘ஓம்’ என்பதாகத்தான் இருக்கும். மற்றப் பாதியை இராசமலர் பேச விட்டதில்லை என்று ஒழுங்கையில் சொல்வார்கள். பிள்ளைகள் இரண்டும் கலியாணம் கட்டித் தூரத்துக்குப் போய்விட்டன.

அவளைப் பற்றி வேறு யாரும் எழுதினால் நல்ல மனைவி, நல்ல தாய், நன்றாகச் சமைப்பாள் என்று தொடங்குவார்கள். அதெல்லாம் இருக்கட்டும். இராசமலர் என்றால் முதலில் சொல்ல வேண்டியது, நிவாரணப் பதிவுக்கு வருகிறவர்களிடம் கதைப்பதில் அவளுக்கு நிகர் வலிகாமத்தில் ஆள் கிடையாது என்பதுதான்.

அந்த வித்தை அவளுக்குப் பிறப்பில் வந்ததல்ல. தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஊரோடு எழும்பி ஓடி, சண்டிலிப்பாயில் ஒரு புகையிலைக் கொட்டிலில் ஒதுங்கியிருந்தபோது முதன்முதலாக ஒருவர் பதிய வந்தார். இராசமலர் அப்போது கைக்குழந்தைக்காரி. உள்ளதை உள்ளபடி சொன்னாள். ஒரு சாக்கு அரிசி கொண்டு வந்திருக்கிறோம், ஆடு இரண்டு நிற்கிறது, இப்போதைக்குச் சமாளிப்போம் என்றாள். வந்தவருக்குப் பெரிய சந்தோசம். வசதி உண்டு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். பக்கத்துக் கொட்டிலில் இருந்த இரத்தினம்மா அதைவிடக் கூடுதலாகக் கொண்டு வந்தவள். அவள் ஒன்றுமே சொல்லவில்லை, அழுதாள். இரத்தினம்மாவுக்குத் தார்ப்பாய் வந்தது. இராசமலருக்கு வந்தது மாரி மழை. கொட்டில் ஒழுகியதில் குழந்தைக்குச் சளி கட்டி மூச்சு இழுத்தது. அதை நெஞ்சோடு அணைத்தபடி இருந்த அந்த மாதத்தில் அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். கேட்க வருகிறவனிடம் நல்லது நடந்தது என்று இனி வாய் தவறியும் சொல்வதில்லை.

அதற்குப் பிறகு எத்தனை இடம், எத்தனை பதிவு. சண்டிலிப்பாய்க்குப் பிறகு உடுவில், உடுவிலுக்குப் பிறகு தென்மராட்சி, திரும்பி வந்து ஒரு முகாம். போன இடமெல்லாம் யாரோ ஒருவர் காகிதத்தோடு வந்தார். அரிசி கட்டிலுக்கடியில், கண்ணீர் இமைக்கடியில் என்று இரண்டையும் எப்போதும் தயாராக வைத்திருந்தாள். இன்றைக்கும் அவளுடைய கிணற்றடிக்குப் போனால் நாலைந்து நாடுகளின் முத்திரை குத்திய வாளிகளைப் பார்க்கலாம். இதை ஏமாற்று என்று சொல்கிறவர்கள் முதலில் ஒரு மாரியைத் தார்ப்பாய் இல்லாமல் கழித்துவிட்டு வந்து சொல்லட்டும்.

பிறகு ஒருநாள் ஆமி பிடித்து வைத்திருந்த சொந்தக் காணியைத் திரும்ப விட்டார்கள். வந்து பார்த்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றை இருந்தது. வீட்டுத்திட்டத்தில் இரண்டு அறை எழும்பியது. கேதீஸ்வரன் மிளகாயும் வெங்காயமும் வைத்தார். இராசமலர் வீட்டுத் தேவைக்குத் தூள் இடித்தாள். வாழ்க்கை ஒருவழியாக அலுப்பு அடிக்கிற நிலைக்கு வந்தது. இவ்வளவு காலமும் அவள் ஆசைப்பட்டதும் அந்த அலுப்புக்குத்தான்.

இந்த நேரத்தில்தான் கப்பல் வரத் தொடங்கியது.

பருவ காலத்தில் சென்னையிலிருந்து கிழமைக்கு ஒரு தடவை வரும். அதற்குள்ளே நீந்தக் குளம், ஆடப் பாட மேடை, நினைத்த நேரமெல்லாம் சாப்பாடு. யாழ்ப்பாணம் பரபரத்துப் போனது. சாப்பாட்டுக் கடைகள் நண்டுக்கறி சமைத்து வைத்துக்கொண்டு காத்திருந்தன. புடைவைக் கடைகள் வரவேற்புப் பதாகை கட்டின. பயணிகள் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, கப்பலிலேயே கொடுத்த தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி, கீரிமலையில் கால் நனைத்து, நல்லூரில் படம் பிடித்து, பொழுதுபடுமுன் அடுத்த சாப்பாட்டுக்குக் கப்பல் ஏறினார்கள். அவர்கள் ஊருக்கு விட்டுப்போனது பெரும்பாலும் அந்தப் போத்தல்களைத்தான். அதைப் பொறுக்கியவர்களுக்குக் கொஞ்சம் வருமானம் இருந்தது, மறுக்க முடியாது.

கீரிமலைக்குப் போகிற பஸ் ஒவ்வொன்றும் வைரவர் கோயிலடியில் ஒரு நிமிடம் நிற்கும். எந்தப் பெரிய சொகுசு பஸ்ஸானாலும் சாரதி நம்மூர்க்காரன். வைரவரைத் தாண்டிப் போகும்போது இறங்கிக் கற்பூரம் கொளுத்தாமல் போக அவனுக்கு மனம் வராது. அப்படி ஒரு பஸ் நின்ற நேரம் பார்த்து இராசமலர் வளவில் அடுப்பு மூட்டித் தூளுக்கு வறுத்துக்கொண்டு நின்றாள். பெரிய தாச்சியில் செத்தல் மிளகாய், மல்லி, மிளகு, சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை. காற்று வீதிப் பக்கம் திரும்பியது. பஸ்ஸில் குளிரூட்டி பழுதாகி யன்னல் எல்லாம் திறந்திருந்தது.

முழு பஸ்ஸும் தும்மியது. முன் இருக்கையிலிருந்து பின் இருக்கை வரை ஒருவர் மிச்சமில்லை. வழிகாட்டியாக வந்த ஜெயரூபன் மன்னிப்புக் கேட்க வாய் திறந்து அவனும் தும்மினான். இந்தக் கூத்துக்குள் ஒரு சென்னை அம்மா மூக்கைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு இறங்கி, மணத்தைப் பிடித்தபடி படலையைத் திறந்து உள்ளே வந்து, “என்னம்மா வறுக்கிறீங்க? இப்படி ஒரு வாசனை எங்க வீட்டுல வந்ததே இல்லையே” என்றார்.

இராசமலர் தும்மியவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றினாள். கேட்ட அம்மாவுக்கு முதல் நாள் இடித்த தூளில் ஒரு கடதாசிச் சரை கட்டிக் கொடுத்தாள். காசு நீட்டியபோது கையை எடுத்துப் பின்னால் கட்டிக்கொண்டாள், வீட்டுக்கு வந்த ஆளிடம் வாங்குகிற பழக்கம் இல்லை என்றாள். அந்த அம்மா ஒரு சிட்டிகையை நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, சும்மா தந்தால் ஒன்றுதான் கேட்கலாம், காசுக்குத் தந்தால் பத்துக் கேட்கலாமே என்றார். இராசமலர் பின்னால் கட்டிய கையை முன்னால் எடுத்தாள். அன்றைக்குக் குசினியில் இருந்த தூள் முழுக்கப் போனது.

அடுத்த கிழமை இரண்டு பஸ் நின்றது. ஜெயரூபன் கெட்டிக்காரன், அதற்கு யாழ்ப்பாணத்து வீட்டு அனுபவம் என்று ஒரு பெயரும் வைத்துவிட்டான். தும்மல் அந்த அனுபவத்தில் சேர்த்தி. இராசமலர் தாச்சியைப் பெரிதாக்கினாள், ஆறு பிளாஸ்ரிக் கதிரை வாங்கினாள். இரத்தினம்மா ஊறுகாய்ப் போத்தலோடு வந்து குந்தினாள், இன்னொருத்தி பனங்கட்டியோடு வந்தாள். ஒழுங்கையே கப்பல் வருகிற நாளைப் பார்த்து முழுகி நல்ல சேலை உடுத்தது.

ஆனால் இராசமலருக்கு ருசித்தது காசு இல்லை. அதைச் சரியாகச் சொல்லிவிட வேண்டும். வாழ்நாள் முழுக்க அவள் வரிசையில் நின்றவள். அரிசிக்கு, மண்ணெண்ணெய்க்கு, பயணம் போகிற பாஸுக்கு, தார்ப்பாய்க்கு என்று கால் கடுக்க நின்று, முன்னுக்கு நிற்கிறவளின் பிடரியைப் பார்த்தே வயது போனவள். இப்போது அவளுடைய படலையில் ஒரு வரிசை நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட, வாசம் பூசிய, கப்பலில் வந்த சனம் அவளுடைய கையைப் பார்த்துக்கொண்டு நின்றது. அவள் அகப்பையோடு நின்று, நிவாரணம் கொடுக்கிறவர்கள் அவளுக்குச் சொன்ன அதே வார்த்தையை அவர்களுக்குச் சொல்லுவாள். “இடிபடாதேங்கோ. ஒவ்வொராளா வாங்கோ, எல்லாருக்கும் இருக்கு.” அதைச் சொல்லும்போது அவளுக்கு உடம்பு புல்லரிக்கும். கப்பல் நின்று போனால் காசைப் பற்றிக் கவலையில்லை, கேதீஸ்வரனின் வெங்காயம் இருக்கிறது. இந்த வரிசை இல்லாமல் போய்விடுமோ என்பதுதான் அவளுடைய ஒரே பயம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த காலத்தில்தான் அளக்க வந்தார்கள்.

கிராம சேவையாளர் ஒழுங்கைக்கு முதலே சொல்லி அனுப்பினார், கப்பல் விசயமாக வீடு வீடாகக் கேட்க ஆள் வரும் என்று. அவர் சொன்னது விளக்கமான தமிழ். கப்பலால் உங்களுக்கு வருமானம் கூடியதா என்று கேட்பார்கள், அவ்வளவுதான். இராசமலருக்கும் அது நன்றாக விளங்கியது. விளங்கியதால்தான் சிரித்தாள். வருமானம் கூடியதா என்று கேட்கிறவன் எதற்குக் கேட்கிறான்? கூடியது என்றால் உதவிப் பட்டியலில் இருந்து பெயரை வெட்டுவதற்கு. குறைந்தது என்றால் ஏதோ தருவதற்கு. வேறு எதற்காவது யாராவது இந்த மண்ணில் வீடு தேடி வந்து கேட்டிருக்கிறார்களா? அவள் அறிந்த முப்பத்தைந்து வருசத்தில் இல்லை.

ஒழுங்கையைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். இரத்தினம்மா, கப்பல் கூவுகிற சத்தத்தில் தன்னுடைய மாடு பால் மறந்துவிட்டது என்று சொல்லப் போவதாகச் சொன்னாள். இராசமலர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. முழுக்க மறந்தது என்றால் நம்ப மாட்டார்கள், பாதி மறந்தது என்று சொல் என்றாள். ஒருத்திக்குக் கோழி முட்டையிடாமல் போகவேண்டும், ஒருத்திக்கு பஸ் கிளப்புகிற புழுதியில் காயப்போட்ட பனங்கிழங்கு ஒடியல் பழுதாகவேண்டும், எல்லோரும் ஒரே நட்டத்தைச் சொல்லித் தொலைக்கக் கூடாது. பெரிய பல்கலைக்கழகங்களில்கூட ஆய்வுக்கு இவ்வளவு ஆயத்தம் செய்வார்களோ தெரியாது.

ரப் என்கிற கைக்கணினி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வந்தவள் உதயகலா என்ற பெட்டை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கிற திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் பொருளியல் படித்து முடித்து, வேலை கிடைக்கும் மட்டும் இதைச் செய்துகொண்டிருந்தாள். அவள் ஒழுங்கைக்குள் சைக்கிளைத் திருப்பியதும் இராசமலர் வீட்டில் பத்து நிமிட வேலை நடந்தது. பிளாஸ்ரிக் கதிரைகள் வேலிக்கு மேலால் இரத்தினம்மா வளவுக்குப் போயின. தூள் அடைத்த தகரப் பேணிகள் கட்டிலுக்கடியில் போயின. மிளகாய்ச் சாக்கை ஒளிக்க இடமில்லாததால் அதற்கு மேல் கேதீஸ்வரனை இருத்தி, ஒரு போர்வையால் போர்த்து, சுகமில்லாத மாதிரி இருக்கச் சொன்னாள். அவர் ஓம் என்றார்.

உதயகலா உடைந்த மரவாங்கில் உட்கார்ந்து தொடங்கினாள். நல்ல பிள்ளை, மரியாதையாகக் கேட்டாள். வீட்டுக்காரர் என்றபடியால் முதலில் கேதீஸ்வரனைத்தான் கேட்டாள்.

“ஐயா, கப்பல் வாறதாலை உங்கடை குடும்பத்துக்கு ஏதும் நன்மை இருக்கோ?”

“ஓம்,” என்றார் கேதீஸ்வரன்.

இராசமலர் இடையில் பாய்ந்தாள். அவருக்கு மூன்று நாளாகக் காய்ச்சல், எதைக் கேட்டாலும் ஓம் என்பார் என்றாள். உதயகலா சந்தேகம் தீர்க்க, கப்பலால் நட்டம் ஏதும் உண்டோ என்று கேட்டாள். அதற்கும் அவர் ஓம் என்றார். முன்னுக்குப் பின் முரண் என்பதற்கு அந்த ரப்பில் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமர்த்தியதும் கேதீஸ்வரன் ஆய்விலிருந்து மறைந்து போனார்.

பிறகு இராசமலர் கதைத்தாள். அன்றைக்கு அவள் கதைத்ததைக் கேட்டிருந்தால் கல்லும் அழுதிருக்கும். கப்பல் வந்த நாள் முதல் வீதியில் ஆடு மேய விடமுடியவில்லை. பஸ் புகையில் கறிவேப்பிலை கருகிவிட்டது. அதிர்ச்சியில் மனிசனுக்குப் பசி இல்லை. கட்டிலுக்கடியிலிருந்து கிளம்பிய தூள் மணத்தில் உதயகலா ஏழெட்டுத் தடவை தும்மினாள். “பாத்தீரோ பிள்ளை, பஸ் புழுதி. உமக்கே இப்பிடியெண்டால் நாங்கள் இஞ்சை கிடக்கிறனாங்கள்,” என்றாள் இராசமலர். உதயகலா அதையும் பதிந்தாள், சுவாச நோய் என்று. எழும்பிப் போகும்போது அந்தப் பிள்ளையின் கண் கலங்கியிருந்தது. அது துக்கத்திலா மிளகாயிலா என்று தெரியாது.

ஒழுங்கை முழுவதும் இப்படியே சொல்லி முடித்தது. மாடு பாதிப் பால் மறந்தது. அந்த மாட்டை இரத்தினம்மா போன வருசமே விற்றுவிட்டாள் என்பது வேறு விசயம்.

மற்றப் பக்கத்தில் இன்னொரு அளவெடுப்பு நடந்தது. கப்பலில் ஏறப்போகிற பயணிகளை வரிசையில் மறித்து, கரையில் என்ன வாங்கினீர்கள் என்று கேட்டார்கள். கேட்ட இடம் சுங்கப் பகுதிக்குப் பக்கம். தூளைக் கண்டால் பிடுங்கிக்கொள்வார்கள் என்று பயந்து, எல்லோரும் அதைச் சேலை மடிப்புக்குள்ளும் சப்பாத்துக்குள்ளும் செருகிக்கொண்டு, ஒன்றும் வாங்கவில்லை என்று ஒன்றும் அறியாத முகத்தோடு சொன்னார்கள். ஜெயரூபன் பக்கத்தில் நின்று பார்த்தவன், வாய் திறக்கவில்லை. அவனுடைய வேலை வழி காட்டுவது மட்டுந்தானே. விற்றவளும் இல்லை என்றாள், வாங்கியவர்களும் இல்லை என்றார்கள். இரண்டு பக்கமும் இப்படி அச்சொட்டாகப் பொருந்தி வந்த ஆய்வு தங்கள் அனுபவத்தில் இல்லை என்று நிறுவனத்தார் மகிழ்ந்து போனார்கள்.

பயணி ஊரில் செலவழிக்கிற காசு கடைக்காரனிடம் போய், அவனிடமிருந்து தோட்டக்காரனிடம் போய், உருண்டு உருண்டு பெருகும் என்பது அந்தப் படிப்பின் அடிப்படை. அதற்கு ஒரு கணக்கு வாய்ப்பாடும் உண்டு. அவர்கள் பூச்சியத்தை உருட்டிப் பார்த்தார்கள், அது பூச்சியமாகவே உருண்டது. சனம் சொன்ன நட்டங்களை உருட்டினார்கள். அது நன்றாகப் பெருகியது. மறந்த பால், இடாத முட்டை, மேயாத ஆடு, இழுத்த மூச்சு எல்லாம் சேர்ந்து, ஒரு புயல் அடித்திருந்தால்கூட அந்த ஒழுங்கைக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது என்ற நிலைக்கு வந்தது.

அறிக்கையை யாழ்ப்பாணத்து விடுதி ஒன்றில் வெளியிட்டார்கள். மத்தியானச் சாப்பாடு உண்டு என்பதால் ஜெயரூபனும் போனான். திரையில் வளைவு வளைவாகப் படம் காட்டினார்கள், அதிலே ஒரு இடம் சிவப்பாக இருந்தது. அந்தச் சிவப்பு தன்னுடைய தூள் அனுபவ ஒழுங்கை என்று கண்டபோது அவனுக்குச் சோறு இறங்கவில்லை. ஆய்வுத் தலைவர் இரக்கமுள்ள மனிசன். இந்த அப்பாவிச் சனத்தை இனியும் வதைக்கக் கூடாது, பஸ்களெல்லாம் அடுத்த கிழமையிலிருந்து கரையோர வீதியால் கீரிமலைக்குப் போய் வரட்டும் என்றார். அதோடு ஆய்வுக்கென்று வந்த காசில் மிஞ்சியதைக் கொண்டு, பாதிக்கப்பட்ட வீடுகளுக்கு உலர் உணவுப் பை கொடுப்பதாகவும் சொன்னார். கைதட்டினார்கள்.

ஜெயரூபன் அங்கிருந்து நேரே இராசமலரிடம் வந்தான். படலையைக்கூடச் சாத்தவில்லை.

“அன்ரி, உவையளுக்கு என்ன சொன்னனீங்கள்?”

அவள் விளங்காமல் பார்த்தாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். பஸ் இனி வராது என்ற இடத்தில் இராசமலர் கையிலிருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். உதவிப் பட்டியலில் இருந்து பெயரை வெட்ட வருவார்கள் என்றுதான் அவள் காவல் இருந்தாள். அவளுடைய வாசலில் நிற்கிற வரிசையை வெட்ட ஒருவர் வருவார் என்று அவளுக்கு யார் சொல்லித் தந்தது? அவளுக்கு அழுகை வந்தது. பதிவுக்காக வைத்திருந்த அழுகை அல்ல, இது வேறு. இதற்குச் சத்தம் இருக்கவில்லை.

அடுத்த நாள் சேலை மாற்றிக்கொண்டு பஸ் ஏறித் திருநெல்வேலிக்குப் போனாள். அந்த நிறுவனம் அங்கே பலாலி வீதியில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தது. கைப்பைக்குள் ஒரு பேணி தூளும் கொண்டு போனாள், சாட்சிக்கு. முப்பத்தைந்து வருசத்துக்குப் பிறகு ஒரு அதிகாரிக்கு முன்னால் உண்மை சொல்லப் போகிறோம் என்ற நடுக்கம் அவளுக்கு இருந்தது. எங்கே தொடங்குவது என்றுகூடத் தெரியவில்லை. பழக்கமில்லாத வேலை.

ஆய்வுத் தலைவர் எழும்பி நின்று கதிரை கொடுத்தார். அவள் சொன்னாள். கப்பலால் நல்லதுதான் நடந்தது, ஆடு மேய்கிறது, கறிவேப்பிலை தழைத்து நிற்கிறது, நான் தூள் விற்கிறேன், சனம் வரிசையில் நின்று வாங்குகிறது, எனக்குப் பையும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், பஸ்ஸை மட்டும் திரும்ப விடச் சொல்லுங்கள் என்றாள். ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஆனால் உண்மை சொல்லும்போது அவளுக்குச் சொல் தடக்கியது, கண் நிலத்தைப் பார்த்தது. பொய் சொல்லும்போது இவ்வளவு தடுமாற்றம் அவளுக்கு ஒருநாளும் வந்ததில்லை.

தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்கக் கேட்க அவருடைய முகம் கறுத்தது. பஸ்காரர் யாரோ இந்த ஏழை மனிசியை வெருட்டி அனுப்பியிருக்கிறார்கள் என்று அவருக்கு விளங்கிவிட்டது. உதயகலா பதிந்த வாக்குமூலத்தை அவர் வாசித்தவர். அவ்வளவு உருக்கமான, அவ்வளவு விபரமான ஒன்றைப் பொய் என்று யார் நம்புவார்கள்? அவர் கையை நீட்டி அவளுடைய கையைத் தொட்டார்.

“பயப்பிடாதேங்கோ அம்மா. உண்மையைச் சொன்னதுக்காக உங்களை ஒருத்தரும் ஒண்டும் செய்யேலாது. நாங்கள் இருக்கிறம்.”

அவள் பேணியை எடுத்து மேசையில் வைத்தாள். அவர் அதைக் கைக்கூலி என்று நினைத்து மெதுவாகத் திருப்பித் தள்ளினார்.

பிரதேச செயலகத்து வளவில் பை கொடுத்தார்கள். வெயில். கயிறு கட்டி வரிசை விட்டிருந்தார்கள். இரத்தினம்மா சந்தோசமாக முன்னால் நின்றாள், வராத பஸ்ஸைவிட வந்த பை மேல் என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாயிற்று. அதோடு பை கிடைக்காத அடுத்த ஒழுங்கைக்காரர் வயிறு எரிவதைப் பார்ப்பதிலும் அவளுக்கு ஒரு திருப்தி இருந்தது. இராசமலர் வரமாட்டேன் என்றுதான் இருந்தாள். வராவிட்டால் பட்டியலில் இருந்து பெயர் வெட்டுப்படும், நாளைக்கு உண்மையாகவே ஒன்று நடந்தால் ஒன்றும் கிடைக்காது என்று கிராம சேவையாளர் சொல்லி அனுப்பிய பிறகு வந்தாள். இரத்தினம்மாவின் பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மேசைக்குப் பின்னால் நின்ற இளந்தாரி கையை உயர்த்திச் சத்தம் போட்டான்.

“இடிபடாதேங்கோ. ஒவ்வொராளா வாங்கோ, எல்லாருக்கும் இருக்கு.”

அந்த வார்த்தை அவளைக் கன்னத்தில் அறைந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பையைக் கையில் கொடுத்துப் படம் பிடித்தார்கள். கொஞ்சம் சிரிக்கச் சொன்னார்கள், சிரித்தாள்.

வீட்டுக்கு வந்து பையை மேசையில் கொட்டினாள். அரிசி, பருப்பு, சீனி, நெத்தலி, தேயிலை. கடைசியாக ஒரு பக்கெற் விழுந்தது, எங்கேயோ ஒரு பக்ரறியில் அரைத்துப் பளபளப்பான உறையில் கட்டிய மிளகாய்த்தூள். உறையில் சேலை கட்டிய ஒரு மனிசி வாய் நிறையச் சிரித்துக்கொண்டிருந்தாள். இராசமலர் நுனியைக் கிழித்து மோந்து பார்த்தாள். தும்மல் வரவில்லை.

காங்கேசன்துறைப் பக்கமிருந்து கப்பல் கூவியது. பஸ்கள் இந்நேரம் கரையோர வீதியால் போய்க்கொண்டிருக்கும். வைரவருக்கும் இனிக் கற்பூரம் இல்லை. கேதீஸ்வரன் தோட்டத்தால் வந்து, கால் கழுவி, கட்டிலுக்கடியில் இருந்த தூள் பேணிகளையும் மேசையில் கிடந்த பக்கெற்றையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அவளிடம் சொன்னார்.

“இஞ்சரும். அந்தப் பிள்ளை முதல் கேக்கேக்கை நான் ஓம் எண்டனான்.”

இராசமலர் எழும்பிப் போய் அடுப்பை மூட்டினாள். அன்றைக்கு மத்தியானம் கத்தரிக்காய்க் கறிக்கு அந்தப் பக்கெற் தூளைத்தான் போட்டாள். இரண்டு பேரும் ஒரு தும்மல் இல்லாமல் சாப்பிட்டார்கள்.